பீரங்கி பழகிய மண்ணில் பறக்கும் தட்டு

பே ஏரியாவில் இருந்து மான்டரே பக்கம் போகிற நம்மவர்கள் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் இருக்கும். அக்வேரியம், செவன்டீன் மைல் டிரைவ், கார்மல் கடற்கரை, திரும்பும் வழியில் கில்ராய் அவுட்லெட். ஊரில் இருந்து அப்பா அம்மா வந்தால் இந்தப் பட்டியல் கண்டிப்பாக ஒரு தடவை ஓடும். இரண்டாம் தடவை வந்தால் இன்னொரு தடவையும் ஓடும். அந்தப் பட்டியலில் இல்லாத, டிக்கெட்டும் வாங்க வேண்டாத ஓர் இடத்தைப் பற்றி இந்தக் கட்டுரை.

மான்டரேக்குச் சற்று முன்னால், சீசைடு, மரீனா என்ற இரண்டு சிற்றூர்களை ஒட்டி, கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி மான்டரே பே என்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்கள் சுருக்கமாக சி.எஸ்.யு.எம்.பி. என்கிறார்கள். அந்த வளாகத்து ஓக் மரங்களுக்கு நடுவே டிஸ்க் கோல்ஃப் மைதானம் ஒன்று உண்டு. பேரே 'ஓக்ஸ்' தான். என் மகனுக்கு வயது 14. பள்ளிக்கூட நண்பர்களோடு ஃப்ரீமான்ட் பக்கத்துப் பூங்காவில் இந்த விளையாட்டைப் பழகியவன், "அங்க ஒரு தடவை ஆடணும்மா" என்று மாதக் கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தான். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். நான், கணவர், மகன், அப்பா.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவர். அம்மா போன பிறகு, ஆறு மாதம் எங்களோடு இருக்கட்டும் என்று கூட்டி வந்திருந்தோம். ஊரில் காலை ஐந்தரைக்கு ஆற்றங்கரை வரை நடந்து, டீக்கடையில் நாலு பேரிடம் பேசி, பேப்பர் படித்து, பழைய மாணவன் எவனாவது எதிரில் வந்து "சார்" என்று வண்டியை நிறுத்த, அப்படியே பொழுது போகிறவர். இங்கே எட்டு மணிக்கு நாங்கள் மூவரும் கிளம்பிப் போனால், மாலை வரை வீட்டில் அவரும் டி.வி.யும்தான். வார இறுதியில் வெளியே போனாலும், பிள்ளைகள் விளையாடுவார்கள், நாம் படம் எடுப்போம், தாத்தா பெஞ்சில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்வார். உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். ஏழாவது வாரம், "டிக்கெட்டைக் கொஞ்சம் முன்னால மாத்த முடியுமான்னு மாப்பிள்ளைட்ட கேளும்மா" என்றார். பத்தாவது வாரம் மறுபடியும் கேட்டார். மூன்றாம் தடவை கேட்டால் மாற்றிவிடுவது என்று நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம்.

பூண்டு, ஆர்டிசோக், மூடுபனி

ஃப்ரீமான்டில் இருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். 101-ல் தெற்கே போக வேண்டும். கில்ராயை நெருங்கும்போது சில நாட்களில் கார் கண்ணாடியைத் தாண்டிப் பூண்டு வாசனை வரும். புரூண்டேலில் 156-க்குத் திரும்பினால் காஸ்ட்ரோவில். 'உலகின் ஆர்டிசோக் தலைநகரம்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். முள் வைத்த தாமரை மொட்டு மாதிரி இருக்கும் அந்தக் காய் வயல் வயலாக விளைகிறது. சாலையோரக் கடையில் மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுப்பார்கள். அப்பா ஒன்றைக் கடித்துவிட்டு, "வாழைப்பூ பஜ்ஜிக்குத் தம்பி" என்றார்.

அங்கிருந்து ஹைவே 1. வலப்பக்கம் மணல் மேடுகள், அதற்கு அப்பால் பசிபிக். ஜூன், ஜூலை மாதங்களில் இந்தக் கரையில் பெரும்பாலும் மதியம் வரை மூடுபனிதான். ஃப்ரீமான்டில் வெயில் காய்ந்தாலும் இங்கே ஸ்வெட்டர் இல்லாமல் இறங்க முடியாது. பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் சாலையின் பெயர் லைட்ஃபைட்டர் டிரைவ். "இது என்ன பேரு, சண்டைக்காரன் ரோடா?" என்று அப்பா கேட்டார். பார்க்கப்போனால் அதேதான்.

பட்டாளத்து நிலம்

இந்த வளாகம் இருக்கும் நிலம் 1917-ல் அமெரிக்க ராணுவம் பீரங்கிப் பயிற்சிக்காக வாங்கியது. 1940-ல் ஃபோர்ட் ஆர்ட் என்று பெயர் வந்தது. இரண்டாம் உலகப் போர், கொரியா, வியட்நாம் என்று ஒவ்வொரு போருக்கும் லட்சக்கணக்கான இளைஞர்கள் இங்கே பயிற்சி பெற்றுக் கப்பல் ஏறினார்கள். நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் ஐம்பதுகளின் தொடக்கத்தில் இங்கே சிப்பாய்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவர். கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1961-ல் அடிப்படைப் பயிற்சி எடுத்ததும் இங்கேதான். கடைசியாக இங்கே இருந்த ஏழாம் காலாட்படைப் பிரிவின் வீரர்களுக்கு 'லைட்ஃபைட்டர்' என்று பெயர். சாலைக்குப் பெயர் வந்த கதை அது.

பனிப்போர் முடிந்த பிறகு, ராணுவம் தனக்குத் தேவையில்லை என்று முடிவு செய்த முகாம்களில் இதுவும் ஒன்று. 1994-ல் மூடினார்கள். அதை நம்பியிருந்த சுற்றுவட்டார ஊர்களுக்குப் பெரிய அடி. நிலத்தில் 1,300 ஏக்கருக்கு மேல் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1995 ஆகஸ்டில் முதல் மாணவர்கள் வந்தார்கள். செப்டம்பரில் அதிபர் கிளின்டன் நேரில் வந்து வளாகத்தை அர்ப்பணித்தார். ஆரம்பத்தில் ராணுவக் கட்டடங்களையே வகுப்பறை ஆக்கிக்கொண்டார்கள். பிறகுதான் புதுக் கட்டடங்கள். 2008-ல் திறந்த நூலகம் கண்ணாடியும் வெளிச்சமுமாக இருக்கும், அவசியம் பாருங்கள். சலினாஸ் பள்ளத்தாக்கில் கீரையும் லெட்டூஸும் விளைவிக்கும் டானிமுரா, ஆன்டில் என்ற இரண்டு விவசாயக் குடும்பங்களின் பெயரைத் தாங்கியது. முகாமின் இன்னொரு பெரும் பகுதியை 2012-ல் அதிபர் ஒபாமா தேசிய நினைவிடமாக அறிவித்தார். நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் 80 மைலுக்கு மேல் பாதைகள் அங்கே உண்டு. ஆனால் வெடிக்காத குண்டுகள் இருக்கலாம் என்று வேலி போட்டிருக்கும் பகுதிகள் அதில் இருக்கின்றன. அறிவிப்புப் பலகையைத் தாண்டவே கூடாது.

நான் இதையெல்லாம் போனில் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா காரை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் சுற்றிலும் பார்த்தார். "எங்கிட்ட ஓடிப் பழகுன பயலுவ பன்னெண்டு பேரு பட்டாளத்துக்குப் போனான். ஆள் எடுக்க வந்தா ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஓடணும்லா, விடியக்காலம் ஓட விடுவேன். ரெண்டு பேரு திரும்பி வரல" என்றார். இது எனக்குத் தெரியாத செய்தி. வீட்டில் அவர் சொன்னதே இல்லை. பிறகு, "பட்டாளத்து எடத்தைப் பள்ளிக்கூடமா ஆக்கியிருக்கான்வ. நல்ல காரியந்தான்" என்று சொல்லிவிட்டு மகனின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

தட்டில் இருந்து கூடை வரை

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் மாதிரியேதான். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் வட்டு, குழிக்குப் பதில் கம்பத்தில் பொருத்திய கூடை. கூடைக்கு மேலே சங்கிலிகள் தொங்கும். வட்டு சங்கிலியில் பட்டு, வேகம் இழந்து, கூடைக்குள் விழ வேண்டும். தொடக்க இடத்தில் இருந்து எறிகிறோம்; விழுந்த இடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து அடுத்த எறி. எத்தனை எறியில் கூடையை அடைந்தோம் என்பதுதான் கணக்கு. குறைந்தவர் ஜெயித்தவர்.

இதன் வேர் கல்லூரி வளாகத்தில்தான் இருக்கிறது. கனெக்டிகட்டில் ஃபிரிஸ்பி பை கம்பெனி என்று ஒரு பேக்கரி இருந்தது. அதன் காலித் தகரத் தட்டுகளை யேல் மாணவர்கள் வீசி விளையாடினார்கள் என்பது பலரும் சொல்லும் கதை. ஃபிரெட் மாரிசன் என்பவர் பிளாஸ்டிக்கில் ஒரு தட்டு செய்தார். பறக்கும் தட்டு மோகம் உச்சத்தில் இருந்த காலம், அதனால் 'புளூட்டோ பிளாட்டர்' என்று பெயர் வைத்தார். 1957-ல் வாம்-ஓ கம்பெனி அதை விற்க ஆரம்பித்து, 'ஃபிரிஸ்பீ' என்று பெயரை மாற்றியது. அதே கம்பெனியில் வேலை செய்த எட் ஹெட்ரிக்தான் தட்டு நேராகப் பறக்கும்படி அதை மேம்படுத்தி 1967-ல் காப்புரிமை பெற்றவர். 1975-ல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். முதலில் வெறும் கம்பம்தான் இலக்கு. பட்டதா படவில்லையா என்று தகராறு வந்ததாலோ என்னவோ, சங்கிலியும் கூடையும் சேர்ந்தன. இன்று அமெரிக்காவில் மட்டும் பல ஆயிரம் மைதானங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை இலவசம்.

ஹெட்ரிக் 2002-ல் காலமானார். அதுவும் இந்த வளைகுடாவின் கரையிலேயே இருக்கும் லா செல்வா பீச்சில். அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து வட்டுகளாக வார்த்தார்கள். மகன் இதைச் சொன்னபோது என் கணவர், "நாம தாமிரபரணியில கரைக்கிறோம், அவங்க காத்துல கரைக்கிறாங்க" என்றார்.

ஓக் மரங்களுக்கு நடுவே

இங்கே வளர்வது கோஸ்ட் லைவ் ஓக் என்ற வகை. இலையுதிர் காலத்திலும் இலை உதிர்க்காது. இலை சிறியது, விளிம்பில் முள். மண் முழுக்கப் பழைய கடல் மணல். கடற்காற்றும் சத்தில்லாத மணலும் சேர்ந்து மரங்களை நெடுநெடுவென்று வளர விடுவதில்லை. முறுக்கிக்கொண்டு, குனிந்து, சில கிளைகள் தரையில் முழங்கை ஊன்றிய மாதிரி நிற்கின்றன. கிளைகளில் வெளிறிய பச்சையில் தாடி மாதிரிப் பாசி தொங்குகிறது. மூடுபனியில் பார்த்தால் ஏதோ பழைய கோயில் நந்தவனத்துக்குள் நுழைந்த மாதிரி ஓர் அமைதி.

அழகு வேறு, ஆட்டம் வேறு. தாழ்ந்த கிளைகளால் வட்டை உயரத் தூக்கி எறிய முடியாது. கிளைக்கு அடியில், இரண்டு மரங்களுக்கு நடுவே இருக்கும் சன்னல் அளவு இடைவெளியில் அனுப்ப வேண்டும். மகனின் முதல் எறி நேராக மரத்தில் 'டொக்' என்று மோதி அவன் காலடிக்கே திரும்பியது.

அப்பா வழக்கம் போல உட்கார இடம் தேடினார். இல்லை. இந்த விளையாட்டின் விசேஷமே அதுதான். எல்லோரும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது கூடை வரை பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர், நின்று, "ஏலே, அதை இங்க குடு" என்றார்.

கையில் வாங்கி எடை பார்த்தார். தடகளத்தில் ஆண்கள் எறியும் வட்டு 2 கிலோ. இது 170 கிராம் போல. "என்னலே இது, அப்பளம் மாதிரி இருக்கு!" என்றார். பிறகு இடது காலை முன்னால் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, பள்ளி மைதானத்தில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே முறையில் வட்டு எறிதல் போட்டார். அது விர்ரென்று மேலே ஏறி, கிளையைத் தாண்டி, இடப்பக்கம் சரிந்து எங்கோ விழுந்தது. மகன் சிரித்துவிட்டான். எங்களுக்குப் பின்னால் ஆடி வந்த மாணவர்கள் மூன்று பேர் கை தட்டினார்கள்.

அவர்களில் ஒரு பையன் வந்து பேக்ஹேண்ட் பிடியைக் காட்டினான். வட்டை மார்புக்குக் குறுக்கே இழுத்து, மணிக்கட்டைச் சொடுக்கி விடுவது. அப்பாவின் ஆங்கிலமும் அவன் ஆங்கிலமும் ஒத்துப்போகவில்லை. ஆனால் கையும் தோளும் பேசிக்கொண்டன. இரண்டு முறையிலுமே வலது கைக்காரர் எறிந்தால் வட்டு, மேலிருந்து பார்க்க, கடிகாரம் சுற்றும் திசையில்தான் சுழலும். வேகம் குறையும்போது இடப்பக்கம் சாயும். "சுத்து இருந்தாத்தாம்லே வட்டு நிக்கும். சுத்து கொறைஞ்சா சாஞ்சிரும். ரெண்டு கிலோவுக்கும் அதான், இதுக்கும் அதான்" என்று அப்பா சொல்ல, மகன் அதை அந்தப் பையனுக்கு ஆங்கிலத்தில் சொன்னான். அவன் "எக்ஸாக்ட்லி!" என்றான்.

மதியத்துக்கு மேல் மூடுபனி விலகிக் கடற்காற்று பிடித்தது. அப்போது அடுத்த பாடம். தடகள வட்டுக்கு மிதமான எதிர்க்காற்று நல்லது. கீழிருந்து தாங்கிக் கொஞ்சம் கூடுதல் தூரம் கொடுக்கும். அந்த நினைப்பில் அப்பா காற்றுக்கு எதிரே எறிந்தார். ஆனால் இந்த லேசான வட்டை எதிர்க்காற்று வலப்பக்கம் புரட்டிவிடும். புரட்டியது. மகன் தன் பையில் இருந்த வட்டுகளின் மேல் அச்சிட்ட எண்களைக் காட்டினான்: வேகம், மிதப்பு, நடுவில் எவ்வளவு வலப்பக்கம் திரும்பும், கடைசியில் எவ்வளவு இடப்பக்கம் சாயும். காற்றுக்குத் தகுந்த வட்டை எடுக்க வேண்டுமாம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். அடுத்த கூடையில், "அந்த நீலத்தைக் குடு" என்று அவரே கேட்டு வாங்கினார்.

பன்னிரண்டு கூடை ஆடினோம். அப்பா ஒரே ஒரு தடவை, பத்து அடி தூரத்தில் இருந்து, சங்கிலியில் போட்டார். அந்தச் சத்தம் இருக்கிறதே, கொத்துச் சாவியைத் தாம்பாளத்தில் போட்ட மாதிரி! மரத்தடியில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்கத்தான் செய்யும். சும்மா உக்காந்தாலுந்தான் வலிக்கி" என்றார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

புதிதாக ஆடுபவர்களுக்கு ஆளுக்கு இரண்டு வட்டு போதும். ஒன்று கூடைக்கு அருகில் போட, மற்றது நடுத்தர தூரத்துக்கு. விலை பத்தில் இருந்து இருபது டாலர். பக்கத்திலேயே பெபிள் பீச்சில் ஓர் ஆட்டத்துக்கு 600 டாலருக்கு மேல் கேட்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் மனம் இன்னும் குளிரும். 'யுடிஸ்க்' என்ற செயலியில் உங்கள் ஊருக்கு அருகில் இருக்கும் மைதானங்கள் தெரியும். நியூஜெர்சியோ டெக்சாஸோ, கவுன்டி பூங்கா ஒன்றில் நிச்சயம் கூடை இருக்கும்.

முன்னால் ஆடுபவர்கள் நகரும் வரை எறியாதீர்கள். வட்டு யாரையாவது நோக்கிப் போனால் "ஃபோர்!" என்று கத்த வேண்டும். வேகமாக ஆடும் குழு பின்னால் வந்தால் வழி விடுங்கள். கல்லூரி வளாகம் என்பதால் பார்க்கிங் பலகையைப் படித்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள்.

முக்கியமானது பாய்சன் ஓக். பெயரில்தான் ஓக், உண்மையில் புதர்ச்செடி. மூன்று மூன்று இலையாக, பளபளப்பாக இருக்கும். அதன் எண்ணெய் தோலில் பட்டால் நாள் கணக்கில் அரிப்பு. உடுப்பில் ஒட்டிக்கொண்டும் வீட்டுக்கு வரும். முழுக்கால் பேன்ட் போடுங்கள். புதருக்குள் விழுந்த வட்டை எடுக்கப் போகாதீர்கள், போனால் போகட்டும்.

இன்னும் நேரம் இருந்தால், திரும்பும்போது சாண்டா குரூஸ் வழியாக வாருங்கள். அங்கே 1984-ல் தொடங்கிய டிலவியாகா மைதானம் இந்த விளையாட்டின் புகழ்பெற்ற தலங்களில் ஒன்று. அதன் 27-ஆம் கூடைக்கு எறியும் மேட்டுக்கு 'டாப் ஆஃப் த வேர்ல்ட்' என்று பெயர். கீழே மரங்கள், தூரத்தில் மான்டரே வளைகுடா.

நாங்கள் அன்று போகவில்லை. காரணம், கடைசிக் கூடையில் அப்பாவின் நீல வட்டு பாய்சன் ஓக் புதருக்குள் போய்விட்டது. நீளக் கம்பு வைத்து எடுக்கலாமா என்று அரை மணி நேரம் யோசித்துவிட்டு, விட்டுவிட்டு வந்தோம். தொலைந்தால் கிடைப்பவர் கூப்பிடட்டும் என்று ஒவ்வொரு வட்டின் அடியிலும் பெயரும் போன் நம்பரும் எழுதுவது இந்த ஆட்டக்காரர்களின் பழக்கம். அன்று சாப்பிடும்போது மகன் அந்த வட்டில் தன் நம்பரை எழுதி, மேலே தமிழில் 'தாத்தா' என்று எழுதியிருந்தான்.

பதினாறு நாள் கழித்து அவன் போனுக்குப் படத்தோடு ஒரு செய்தி வந்தது. 'உங்கள் டிஸ்க் கிடைத்தது. இது என்ன மொழி? முகவரி கொடுத்தால் தபாலில் அனுப்புகிறேன்.'

மகன் ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினான். அவர் போனைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தபாலெல்லாம் எதுக்குலே? அடுத்த சனிக்கிழமை வாரோம்னு சொல்லு" என்றார்.